தலைக் கணக்கா, புள்ளிக் கணக்கா?

செட்டிநாட்டில் நகரத்தார் கோயில் வரி போடும்போது ஆளை எண்ண மாட்டார்கள், புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணமான ஒரு தம்பதி என்றால் ஒரு புள்ளி. வளவு வீட்டில் இருபது பேர் படுத்து எழுந்தாலும், அதில் நான்கு தம்பதி இருந்தால் நான்கு புள்ளிதான். ஓநாய் வேட்டையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வந்தது. எத்தனை தலை விழுந்தது என்பதைவிட, எந்தத் தலை, எந்த மாதத்தில் விழுந்தது என்பதில்தான் ஓநாயின் பிழைப்பே இருக்கிறது.

ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இந்த வருஷத்துக் குட்டிகள், போன வருஷத்துக் குட்டிகள், சில சமயம் அதற்கும் முன்னால் பிறந்து இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பாத ஒன்றிரண்டு. சண்டை போட்டு ஜெயித்தவன் தலைவன் என்கிற ‘ஆல்பா’ கதை, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ஓநாய்களைக் கூண்டில் ஒன்றாக அடைத்துப் பார்த்ததில் பிறந்தது. அதைப் பரப்பியதில் பங்குள்ள டேவிட் மீச் என்ற அமெரிக்க விஞ்ஞானியே, காட்டு ஓநாய்களைப் பல வருஷம் கவனித்த பிறகு அந்தச் சொல்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெரும்பாலான கூட்டங்களில் குட்டி போடுவது ஒரே ஜோடிதான். வருஷத்துக்கு ஒரு ஈற்று. வயிற்றில் சுமார் 63 நாள், ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டி. அண்ணன், அக்காமார் இரை தின்றுவிட்டு வந்து குட்டிகளுக்குக் கக்கி ஊட்டுவார்கள். ஆக, பத்து ஓநாய் உள்ள கூட்டமும் புள்ளிக் கணக்கில் ஒன்றுதான்.

இது அமெரிக்கச் சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926 வாக்கில் ஓநாய்களைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். பிறகு 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ராக்கி மலைத்தொடரின் வடபகுதியில் ஓநாய் மீண்டுவிட்டது என்று சொல்ல அவர்கள் வைத்த அளவுகோல்: 300 ஓநாய், அவற்றில் 30 ஜோடி, அதுவும் தொடர்ந்து மூன்று வருஷம். ஜோடி இருந்தால் மட்டும் போதாது. டிசம்பர் 31 அன்று இரண்டு குட்டியாவது உயிரோடு இருந்தால்தான் அது கணக்கில் வரும். நம் ஊர்ப் புள்ளியைவிடக் கறாரான கணக்கு! ஆனால் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

2012 டிசம்பரில், பூங்காவுக்கு வெளியே வயோமிங் மாநிலத்தில், ஒரு பெண் ஓநாயைச் சுட்டார்கள். அனுமதி பெற்ற வேட்டைதான், குற்றமில்லை. 2006-ல் பிறந்ததால் பூங்காவுக்கு வருகிறவர்கள் அதை ‘06’ என்று அழைத்தார்கள். கழுத்துப் பட்டை எண் 832. லாமர் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டத்துக்கே அம்மா. சில வாரங்களுக்கு முன்புதான் அதன் இணையின் உடன்பிறந்த ஆணும் சுடப்பட்டிருந்தது. அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மகள்களைத் தேடி வெளி ஆண்கள் வந்தன. சொந்த மகள்களோடு இணைசேர முடியாத அப்பா ஓநாய் அந்த இடத்தை விட்டே போய்விட்டது. பதிவேட்டில் இரண்டு ஓநாய் குறைந்தது. காட்டில் ஒரு குடும்பம் கலைந்தது.

வேட்டையை ஆதரிப்பவர்களிடமும் ஒரு வாதம் உண்டு, அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, பரி என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கும். அந்த மீன்களைப் பிடிக்காமல் விட்டாலும் தண்ணீர் வற்றிச் சாகத்தான் போகின்றன, அதனால் நஷ்டமில்லை. ஓநாயிலும் ஒரு பங்கு பசியிலும் சண்டையிலும் நோயிலும் எப்படியும் சாகும். வேட்டை அந்தப் பங்குக்குள் நின்றால், காலியான இடத்துக்கு வெளியிலிருந்து இளவட்டங்கள் வந்து குடியேறி ஈடுகட்டிவிடும். ஆனால் ஒரு வருஷத்தில் சாவது மொத்த ஓநாய்களில் கால் பங்கைத் தாண்டி மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போது எண்ணிக்கை இறங்கத் தொடங்குகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பக்கத்துக் கூட்டத்தையும் அதே சீசனில் சுட்டிருந்தால் குடியேற வருவது யார்?

விஸ்கான்சின் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் இதே மீன்பிடித் திருவிழாதான் நடந்தது, வற்றாத கண்மாயில். சுடலாம் என்று வைத்த மொத்த ஒதுக்கீடு 200 ஓநாய். அதில் 81 ஒஜிப்வே பழங்குடியினருக்கு. ஓநாயை உடன்பிறப்பாக நினைக்கும் அவர்கள் வேட்டைக்குப் போகவில்லை. மீதி 119-க்கு 1,500 பேருக்கு மேல் உரிமம் வாங்கியிருந்தார்கள். புதுப் பனியில் காலடித் தடம் பளிச்சென்று தெரிந்தது, வேட்டை நாய்களும் கூட இருந்தன. சுட்டவர் தகவல் சொல்ல 24 மணி நேரம் அவகாசம். வேட்டையை நிறுத்த அரசு 24 மணி நேரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். மடையை அடைத்தாலும் வாய்க்காலில் இறங்கிய தண்ணீர் ஓடத்தானே செய்யும்? மூன்றாம் நாள் மூடும்போது 218 ஓநாய் விழுந்திருந்தது. இதில் எனக்கு உறுத்துவது எண்ணிக்கைகூட இல்லை, மாதம்தான். பிப்ரவரி ஓநாய் இணைசேரும் காலம். விழுந்த பெண்களின் வயிற்றில் இருந்த குட்டிகள், இணையை இழந்து தனியாக நின்றவை எல்லாம் 218-க்குள் அடங்குமா?

சரி, என்னதான் செய்வது? பூங்காவின் எல்லையோரத்தில் ஒதுக்கீட்டைச் சுருக்குவது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. யெல்லோஸ்டோனுக்கு வடக்கே மொன்டானாவில் இரண்டு வேட்டைப் பகுதிகளில் பகுதிக்கு ஒரு ஓநாய் என்று வைத்திருந்தார்கள். 2021-ல் அந்த வரம்பை எடுத்தார்கள். அந்த ஒரு சீசனில் மட்டும், மொன்டானாவையும் பக்கத்து மாநிலங்களையும் சேர்த்து, பூங்காவின் ஓநாய்களில் சுமார் 25 செத்தன. ஒரு கூட்டம் அடையாளமே இல்லாமல் போனது. மறு வருஷம் அங்கே 6 என்று மறுபடி வரம்பு வந்தது.

ஆடு வைத்திருப்பவரின் நஷ்டத்தைப் பேசாமல் ஓநாயைக் காப்பாற்ற முடியாது. எங்கள் பக்கம் ஓநாய் கிடையாது, நரிதான். தேவகோட்டைப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்த ஒரு கீதாரியிடம், “நரியை அடிச்சுப் போட மாட்டீங்களாய்யா?” என்று கேட்டேன். “ஒன்ன அடிச்சா அந்த எடத்துக்கு இன்னொன்னு வரும் தம்பி. இருக்கறதுக்காச்சும் நம்ம நாயத் தெரியும்” என்றார். ஓநாயைக் கொன்றால் அடுத்த வருஷம் கால்நடைச் சேதம் கூடுகிறது என்று அமெரிக்காவில் 2014-ல் வந்த ஆய்வைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. அதே புள்ளிவிவரத்தை வேறு சிலர் மறுபடி அலசி நேர்மாறான முடிவுக்கு வந்திருக்கிறார்கள், சண்டை இன்னும் தீரவில்லை.

சண்டையில்லாத வழிகளும் உண்டு. காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறோம் இல்லையா, ஐரோப்பாவில் கயிற்றில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டு ஓநாயை மிரட்டுவது நெடுநாள் வழக்கம். பழகிப்போகும் வரை, ஒன்றிரண்டு மாதம், அது கிட்ட வராது.

நம் நாட்டில் 1875-க்கும் 1925-க்கும் இடையே பரிசுப் பணத்துக்காகக் கொல்லப்பட்ட ஓநாய்கள் 2 லட்சத்துக்கு மேல். இன்று இருப்பவை சுமார் 3,000. வேட்டைக்குத் தடை இருக்கிறது. ஆனால் இந்திய ஓநாய் பெரும்பாலும் அடர்காட்டில் இருப்பதில்லை. அது வாழ்வது புல்வெளியிலும் பொட்டலிலும், ஆட்டு மந்தைகளுக்குப் பக்கத்தில். குட்டி போட்ட குகையை அடைத்துப் புகை போட ஒரு தீக்குச்சி போதும், அங்கேயும் போவது ஒரு புள்ளிதான்.

கீதாரி பேசிக்கொண்டே ஆட்டுக்குட்டிகளைக் கூட்டுக்குள் விட்டு மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். கண்மாய்க்கரைப் பக்கம் நரி ஊளையிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய் மட்டும் எழுந்து நின்றது.