மூக்குக்குள் விரல்: ரகசியக் கைகுலுக்கல் நட்பை வளர்ப்பது எப்படி?

போன வருஷம் ஒரு காலை. பள்ளி வேன் வர ஐந்து நிமிடம் இருந்தது. அக்கா மகனும் அவன் நண்பனும் தெருமுனையில் எதிரெதிரே நின்றார்கள். உள்ளங்கையில் ஒரு தட்டு, புறங்கையில் ஒரு தட்டு, முஷ்டியோடு முஷ்டி ஓர் இடி, சுண்டுவிரலைக் கோத்து ஓர் இழுப்பு, கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு சொடுக்கு. நடுவில் ஒருவன் புறங்கையை மறந்துவிட்டான். "டேய், தப்பு! முதல்லேர்ந்து!" வேன்காரர் ஹாரன் அடித்தும், முழுசாக முடிக்காமல் இருவரும் ஏறவில்லை. சாயங்காலம் அவனிடம், எனக்கும் சொல்லிக்கொடேன் என்று கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான், சித்தி."

ஒரு பயனும் இல்லாத இந்தக் கை விளையாட்டுக்கு அத்தனை மதிப்பு எங்கிருந்து வருகிறது? இதற்கு நான் படித்ததிலேயே நல்ல விளக்கம் குரங்குகளிடமிருந்து கிடைத்தது.

மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவில், லோமாஸ் பார்புடால் காட்டில், சூசன் பெர்ரி என்ற ஆய்வாளர் 1990 முதல் வெண்முகக் கபுசின் குரங்குகளைப் பின்தொடர்ந்து வருகிறார். அங்கே சில கூட்டங்களில் இரண்டு குரங்குகள் நெருங்கி உட்கார்ந்து, ஒன்றின் விரலை மற்றொன்றின் மூக்குத் துவாரத்துக்குள் விட்டுக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் இப்படிச் செய்வதும் உண்டு. விரல் உள்ளே இருக்க, மயங்கினாற்போல் மெல்ல ஆடியபடி நிமிடக்கணக்கில் அப்படியே இருக்கும். இன்னும் துணிந்த ஜோடிகள், நண்பனின் கண்ணிமைக்கும் விழிக்கும் நடுவே விரலைச் செருகும். அந்த விரலின் நுனியில் கூரான நகம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். இதனால் இரை கிடைப்பதில்லை, பேன் போவதில்லை. எல்லாக் கூட்டத்திலும் இந்த வழக்கம் இல்லை என்பதால் இது பிறவிக் குணமும் இல்லை.

பெர்ரியும் சக ஆய்வாளர்களும் 2003இல் இதைப் பற்றி எழுதியபோது, இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி 1977இல் முன்வைத்த ஒரு கருத்தைக் கையில் எடுத்தார்கள். உறவு எவ்வளவு உறுதி என்று வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் கொஞ்சம் சங்கடமான காரியம் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். பிடித்தவன் பொறுத்துக்கொள்வான், பிடிக்காதவன் தட்டிவிடுவான். திடீரென்று ஒருவர் நம் தோளில் கை போட்டால் உடம்பு தானாகவே பதில் சொல்லிவிடுகிறது, இல்லையா? அதேதான். கபுசின்களின் வாழ்க்கையில் சண்டை என்று வந்தால் யார் பக்கத்தில் நிற்பார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. கண்ணுக்குள் நகத்தை விட அனுமதிப்பவனை நம்பலாம். பையன்களின் கைகுலுக்கலில் நகம் இல்லை. ஆனால் நடுத்தெருவில் நீட்டிய கையை அடுத்தவன் பிடிக்காமல் விட்டால் மானம் போய்விடும். அந்தச் சின்ன ஆபத்தை இருவரும் தினமும் எடுக்கிறார்கள்.

அடுத்தது நேரம். கண்ணால் பார்த்த பிறகு கையை அசைக்க ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். ஆகவே நண்பனின் கை வருவதைப் பார்த்துவிட்டுத் தட்டப் போனால் தாமதமாகிவிடும். அவன் எப்போது, எங்கே கையைக் கொண்டுவருவான் என்று மூளை முன்கூட்டியே கணிக்க வேண்டும். அவன் மூளையும் இங்கே அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். இரண்டு கணிப்பும் ஒரே புள்ளியில் மோதும்போதுதான் அந்த 'டப்' சத்தம் கேட்கிறது.

இப்படித் தாளம் சேர்வது மனசை என்ன செய்கிறது என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொண்டு பாட்டுக்குத் துள்ளினார். எதிரே ஓர் ஆய்வாளரும் துள்ளினார், சில குழந்தைகளோடு தாளம் சேர்ந்து, சில குழந்தைகளோடு தாளம் தப்பி. அப்புறம் அந்த ஆய்வாளர் கை தவறியதுபோல் பொருள்களைக் கீழே போட்டார். தாளம் சேர்ந்து துள்ளிய குழந்தைகள் அதிகமாக எடுத்துக் கொடுத்தன. தளர்நடை போடும் வயது! 2014இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஒருவர் மேலே போகும்போது மற்றவர் கீழே வந்தாலும், தாளம் ஒத்துப்போனால் அதே விளைவுதான். கைகுலுக்கலிலும் இருவரும் செய்வது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, காலம் ஒத்துப்போனால் போதும். அதே குழுவின் இன்னொரு ஆய்வில், சேர்ந்து துள்ளாத அந்நியருக்கு அந்தக் கூடுதல் உதவி கிடைக்கவில்லை.

சரி, ரகசியம் எதற்கு? ஸ்காட்லாந்தின் கல்தச்சர்களைப் பாருங்கள். எடின்பரோவில் கிடைத்த 1696ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்று, அவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணும் சொல்லையும் கைப்பிடியையும் விவரிக்கிறது. வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவனுக்கு அந்தக் கைப்பிடியே அடையாளச் சீட்டு. செய்ய ஒரு நொடி போதும், ஆனால் கற்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஒருவர் உங்களை ஏற்றுக்கொண்டு சொல்லித்தர வேண்டும். பையன்களின் ஐந்து அசைவுகளும் அப்படித்தான், அவற்றுக்குப் பின்னால் எத்தனையோ மதிய இடைவேளைகள் இருக்கின்றன. நாம் சின்ன வயதில் விரலைக் காட்டிக் 'காய்' விட்டதும் 'பழம்' விட்டதும் இதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் அது வகுப்புக்கே தெரிந்த பாஷை. அதை வைத்து இந்த இருவர் என்று தனியே பிரித்துக் காட்ட முடியாது.

கபுசின்களின் இந்த வழக்கங்கள் நிரந்தரமானவை அல்ல. ஒரு கூட்டத்தில் தோன்றும், பரவும், சில ஆண்டுகளில் மறையும். நீண்ட நாள் நிலைத்தது என்றாலும் 10 ஆண்டுதான். ஆட்டத்துக்குத் துணை இல்லாமல் போனால் ஆட்டமும் நின்றுவிடும்.

இந்த ஜூன் மாதம் அக்கா மகனின் நண்பன் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் பேசுகிறார்கள். முடிக்கும்போது இரண்டு பேரும் திரைக்கு முன்னால் கையைக் கொண்டுபோய் உள்ளங்கை, புறங்கை, முஷ்டி என்று வரிசையாகச் செய்கிறார்கள். சுண்டுவிரல் கோக்கும் இடம் வரும்போது, ஒரு நொடி அப்படியே காத்திருந்துவிட்டு, சொடுக்குப் போடுகிறார்கள்.