ஹேலியின் தூசி நம் கிழக்குக் கடலுக்கு மேலே

மே மாதம் 5, 6ஆம் திகதிகளை ஒட்டிய விடியப்புறங்களில், கிழக்கிலங்கையில் பாசிக்குடாவிலிருந்து பொத்துவில் வரை எந்தக் கரையில் நின்றாலும் வழமையைவிடக் கூடுதலாக எரிநட்சத்திரங்கள் ஓடும். ஹேலி வால்வெள்ளி உதிர்த்த தூசிதான் அப்படி எரிகிறது. 1986இல் வந்துபோன ஹேலி இப்போது நெப்டியூனுக்கும் அப்பால் இருக்கிறது. பிறகு எப்படி அதன் தூசி ஒவ்வொரு மே மாதமும் இங்கே விழுகிறது?

வால்வெள்ளியின் கரு, பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. ஹேலியின் கரு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளம். சூரியனை நெருங்கும்போது அந்தப் பனி நீராகாமல் நேரடியாக வாயுவாகிச் சீறும். தூசியையும் அள்ளிக்கொண்டு வெளியேறும். புகைபோல நுண்ணிய துகள்களைச் சூரிய ஒளியின் அழுத்தமே தள்ளிவிடுகிறது. படங்களில் நாம் பார்க்கும் அகன்ற வால் அதுதான், சில மாதங்களில் கலைந்துவிடும். மணல் பருமனுள்ள துகள்கள் அப்படிச் சிதறுவதில்லை. தாய் வால்வெள்ளியின் பாதையை ஒட்டியே அவையும் சூரியனைச் சுற்றுகின்றன. இதுதான் தூசித்தடம். இந்தத் தடங்களை முதலில் காட்டியது, 1983இல் அகச்சிவப்பு ஒளியில் வானத்தை ஆராய்ந்த ஐராஸ் விண்தொலைநோக்கி.

இதில் என்னை மிகவும் கவர்வது தடம் நீளும் விதம். கருவிலிருந்து துகள் பிரியும் வேகம் சிறியது. ஆனாலும் அந்தச் சிறு வித்தியாசமே சுற்றுக்காலத்தை மாற்றப் போதும். ஒரு துகள் 76 ஆண்டில் திரும்பினால் இன்னொன்று 77 ஆண்டில் திரும்பும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி கூடிக்கூடி, கடைசியில் பாதை முழுக்கத் தூசி பரவிவிடும். வியாழனின் ஈர்ப்பும் அதை இழுத்து விலக்கும். அப்படி விலகியதால்தான் நமக்கே அது கிடைக்கிறது. ஏனென்றால் மே மாதத்தில் பூமி கடக்கும் இடத்திலிருந்து ஹேலியின் இன்றைய பாதை ஏறத்தாழ ஒரு கோடி கிலோமீற்றர் தள்ளியே போகிறது. நம் வானில் எரிபவை பெரும்பாலும் மிகப் பழைய தூசி.

ஹேலி பூமிக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் மோதும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 66 கிலோமீற்றர். சுமார் 100 கிலோமீற்றர் உயரத்திலேயே துகள் சூடாகி ஆவியாகிவிடும். விடியப்புறத்தில் நாம் பூமி ஓடும் திசையைப் பார்த்து நிற்கிறோம். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு மழை முகத்தில் அடிப்பதுபோலத் தூசியும் அந்தப் பக்கமே அதிகம் அடிக்கும். இரவு 2 மணிக்குச் சற்று முன் கிழக்கில் எழும் கும்ப இராசிப் பகுதியிலிருந்து அவை புறப்படுவதுபோலத் தெரியும். நிலவு இல்லாவிட்டால் 3 மணியிலிருந்து நாலரை வரை நல்ல நேரம். கல்லடிப் பாலத்தடி வெளிச்சத்தை விட்டு விலகி, கடலைப் பார்த்து நின்றால் போதும், தொலைநோக்கி வேண்டாம். ஒக்டோபரிலும் ஹேலியின் தூசி வரும், ஆனால் அது நமக்கு மழை தொடங்கும் காலம்.

எந்த ஆண்டில் உதிர்ந்த தடத்தைப் பூமி எப்போது கடக்கும் என்று இன்று கணிக்க முடிகிறது. டெம்பல்-டட்டில் வால்வெள்ளி 1899இல் விட்ட தடத்தை வைத்து, 1999 நவம்பரில் எரிநட்சத்திரப் புயல் வரும் நேரத்தை வானியலாளர்கள் மக்நோட், ஆஷர் இருவரும் முன்கூட்டியே சொன்னார்கள். சில நிமிட வித்தியாசத்தில் அது நடந்தது. 2013 மே மாதத்தில் ஹேலியின் எரிநட்சத்திரங்கள் வழமையைவிட ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகின. கணக்குப் பார்த்தபோது அவற்றின் மூலம் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த தடங்கள் என்று தெரிந்தது.