கேட்கத் தவறிய கேள்வி: கறுப்பின இளைஞர்களும் புகையிலையும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், வடபகுதியில் உள்ள ஒரு சமூக மருத்துவ நிலையத்தில் புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களில் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினரைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன், சரக்குக் கிடங்கில் இரவுப் பணி செய்யும் இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் விடாத இருமலுடன் வந்தார். அவருடைய படிவத்தில், புகைபிடிப்பவரா என்ற கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆனால், பிளாஸ்டிக் முனை வைத்த சிறு சுருட்டு ஒன்று அவருடைய சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதைப் பற்றிக் கேட்டதும் தயக்கமின்றி எடுத்து மேசைமேல் வைத்து, “இது சிகரெட் இல்லையே” என்றார். எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். இரு கைகளுக்கு நடுவே அதை மெல்ல உருட்டி, புகையிலைத் தூளை ஒரு காகிதத்தில் கொட்டி, உள்ளே சுற்றியிருந்த மெல்லிய தாளை விரல்நுனியால் உருவி எறிந்துவிட்டு, தூளை மீண்டும் அடைத்துக் காட்டினார். உருவி எறிந்த அந்தத் தாளுக்கு இந்த இளைஞர்கள் வைத்திருக்கும் பெயர் ‘புற்றுநோய்த் தாள்’. அதை நீக்கிவிட்டால் ஆபத்தும் நீங்கிவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். எரியும் புகையிலையிலிருந்துதான் நச்சு வருகிறது என்பதையும், தாளை உருவிய பிறகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதையும் அவருக்கு அதுவரை யாருமே சொல்லியிருக்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் கேள்விதான் பிழையானது. கஞ்சாவைச் சுருட்டின் மேலிலையில் சுற்றிப் பிடிக்கும் இளைஞர்களும் இப்படித்தான் ‘இல்லை’ என்கிறார்கள். அந்த மேலிலையே புகையிலையால் ஆனது என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிப் பருவத்தில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே சிகரெட் பிடிக்கிறார்கள் என்பது பல ஆண்டுகளாகக் கணக்கெடுப்புகளில் தெரியவரும் உண்மை. பெரியவர்களான பின் அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆக, பதினாறு வயதில் தப்பிய பிள்ளை இருபது வயதில் சிக்கிக்கொள்கிறது. நம்முடைய தடுப்புப் பிரசாரங்களோ பெரும்பாலும் பள்ளி வாசலோடு நின்றுவிடுகின்றன. முதல் வேலை, முதல் சம்பளம், தனியாகக் கட்டும் முதல் வாடகை என்று சுமை ஏறும் அந்த ஆண்டுகளில் இந்த இளைஞர்களுக்கென்று பேசுவது யார் என்று தேடினால், தெருமுனைக் கடையின் விளம்பரத் தட்டி மட்டுமே கண்ணில் படுகிறது.

அந்தக் கடையையும் சற்று நின்று பார்க்க வேண்டும். சிகரெட் பெட்டி ஒவ்வொன்றுக்கும் மாநில வரி 2.60 டாலர், அதற்கு மேல் 2014 முதல் பிலடெல்பியா நகர வரி 2 டாலர். விலையேற்றம் புகைப்பழக்கத்தைக் குறைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், பிலடெல்பியா அமைந்துள்ள பென்சில்வேனியா மாநிலத்தில், அந்த இளைஞர் வைத்திருந்தது போன்ற சுருட்டுகளுக்கு அத்தகைய மாநில வரி கிடையாது. சிகரெட்டை இருபதுக்குக் குறைவாகப் பிரித்து விற்பதைத் தடுக்கும் மத்திய அரசின் விதி சுருட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே பழச்சுவையூட்டிய சிறு சுருட்டை ஒன்றிரண்டாக, ஒரு தின்பண்டத்தின் விலைக்கு வாங்கிவிடலாம். போதாக்குறைக்கு, நம்மூர்ப் பெட்டிக்கடையில் கேட்பதுபோல ஒற்றைச் சிகரெட் கேட்டாலும், சட்டத்தை மீறிக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஏழைகள் வாழும் பகுதிகளில் இத்தகைய கடைகள் நெருக்கமாக இருந்ததாலேயே, மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு ஒரு கடை என்ற வரம்பை நகரச் சுகாதார வாரியம் 2016இல் விதித்தது. நல்ல முடிவுதான். எனினும் அது புதிய உரிமங்களைத்தான் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே இருந்த கடைகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை.

புதினாவின் குளிர்ச்சியைத் தரும் மெந்தால் என்ற சுவைப்பொருளைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1950களில் கறுப்பினப் புகைப்பாளர்களில் பத்தில் ஒருவர்கூட மெந்தால் சிகரெட் பிடிக்கவில்லை. இன்று நூற்றுக்குச் சுமார் 85 பேர் அதைத்தான் பிடிக்கிறார்கள். இந்த மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. கறுப்பின வாசகர்களுக்கான ‘எபோனி’ போன்ற இதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரங்கள் வந்தன. 1970களில் ‘கூல்’ என்ற மெந்தால் சிகரெட்டின் பெயரில் ஜாஸ் இசை விழாக்கள் நடந்தன. கறுப்பினக் குடியிருப்புகளுக்கு வேன்களில் போய் இலவச சிகரெட் கொடுத்தார்கள். மெந்தால் தொண்டையில் குளிர்ச்சியைப் பரப்பிப் புகையின் எரிச்சலை மறைக்கிறது. முதல் இழுப்பில் இருமி, ‘நமக்கு இது வேண்டாம்’ என்று தூக்கியெறியும் வாய்ப்பையே அது பறித்துவிடுகிறது.

இதே பிலடெல்பியாவில்தான் ‘அப்டவுன்’ என்ற மெந்தால் சிகரெட்டைக் கறுப்பின மக்களை வெளிப்படையாகக் குறிவைத்து அறிமுகம் செய்ய ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் திட்டமிட்டது. தேவாலயங்களும் குடியிருப்பு அமைப்புகளும் ஒன்றுதிரண்டு எதிர்த்தன. கறுப்பின மருத்துவரும் அன்றைய மத்திய சுகாதார அமைச்சருமான லூயிஸ் சலிவன் பகிரங்கமாகக் கண்டித்தார். 1990 ஜனவரியில் அந்நிறுவனம் பின்வாங்கியது. இதை இளைஞர்களிடம் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். நுரையீரல் படம் செய்யாததை இந்த வரலாறு செய்கிறது. ஆயினும் 2009ஆம் ஆண்டின் மத்திய சட்டம் சிகரெட்டில் மற்றச் சுவைகளைத் தடைசெய்துவிட்டு மெந்தாலை மட்டும் விட்டுவைத்தது. 2022இல் முன்மொழியப்பட்ட மெந்தால் தடை 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

அந்தத் தடைக்குக் கறுப்பினத் தலைவர்கள் சிலரே தயங்கியதற்கும் காரணம் உண்டு. 2014இல் நியூயார்க்கில், உதிரி சிகரெட் விற்றதாகச் சந்தேகித்த காவலர்களின் பிடியில் சிக்கி எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் உயிரிழந்ததை அவர்கள் மறக்கவில்லை. தனிமனிதர்களைத் தண்டிக்க மாட்டோம், உற்பத்தியாளர்மீதும் விற்பனையாளர்மீதும்தான் நடவடிக்கை என்று அரசு விளக்கியது. நான் தடையை ஆதரிப்பவள். ஆனால் அந்த அச்சத்தைப் புகையிலை நிறுவனங்களின் குரல் என்று ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கறுப்பினப் புகைப்பாளர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புகைப்பழக்கத்தைக் கைவிட முயல்கிறார்கள், ஆனால் குறைவாகவே வெற்றி பெறுகிறார்கள். பலர் நாளுக்குப் பத்துக்கும் குறைவாகவே பிடிப்பதால், ‘இவருக்கு மருந்து தேவையில்லை’ என்று மருத்துவர்களே நினைத்துவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு சிகரெட்டிலிருந்தும் அதிக நிகோடின் உடலில் சேரக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இப்போது எங்கள் படிவத்தில் சிகரெட், சிறு சுருட்டு, கஞ்சா சுற்றிய சுருட்டு, மின்சிகரெட், ஹூக்கா எனத் தனித்தனியாகக் கேட்கிறோம். அந்த இளைஞருக்குத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் கொடுத்தேன். இரண்டாம் முறை வந்தபோது, பட்டை ஒட்டிய தோலில் அரிக்கிறது என்று சொல்லிவிட்டு, வேறொன்று கேட்டார். கிடங்கில் மேற்பார்வையாளர் கேள்வி கேட்காமல் வெளியே விடுவது புகைக்கப் போகிறவர்களை மட்டும்தான். சுருட்டை விட்டுவிட்டால் அந்தப் பத்து நிமிடத்தை எப்படிக் கேட்டு வாங்குவது? என் மருந்துப் பட்டியலில் அதற்கு எதுவும் இல்லை. இருவருமாக உட்கார்ந்து, சூயிங்கத்தை மென்று பயன்படுத்துவதற்குப் பணிக்கு நடுவே இடைவேளை தேவை என்று மருத்துவ நிலையத்தின் கடிதத்தாளில் நான்கு வரி எழுதினோம். அதை மடித்து, முன்பு சுருட்டு இருந்த அதே பையில் வைத்துக்கொண்டு போனார்.