கொலொகேஷன்னா என்ன, தமிழ்ல அதுக்கு என்ன பேரு?

பேப்பர்ல "பலத்த மழை"ன்னு படிச்சுப் பழகினவங்க இங்கிலீஷ்ல "ஸ்ட்ராங் ரெயின்"னு சொல்லிடுறாங்க. கேக்குற இங்கிலீஷ்காரனுக்குப் புரியும், ஆனா அவன் வாயில வர்றது ஹெவி ரெயின். டீன்னா ஸ்ட்ராங் டீ, பவர்ஃபுல் டீ கெடயாது. இலக்கணப்படி எதுவும் தப்பில்ல, அர்த்தமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், இருந்தாலும் எந்தச் சொல் எதோட ஒட்டும்ங்கிறது அவங்க பேசிப் பேசிப் படிஞ்சுபோன பழக்கம். அந்தச் சேர்மானம்தான் கொலொகேஷன்.

லத்தீன்ல கொல்லொகாரேன்னா ஒண்ணா ஒரு இடத்துல வைக்கிறது. லொகுஸ்னா இடம், லோக்கல், லொகேஷன் எல்லாம் அதோட சொந்தக்காரங்க (கவுச்னு சோபாவைச் சொல்றமே, அதுகூட இதே கொல்லொகாரே பிரெஞ்சு வழியா உருமாறி வந்ததுதான்). ஹரால்ட் பாமர் டோக்கியோவுல இங்கிலீஷ் கத்துக்குடுக்குற ஆராய்ச்சியில இருந்தப்ப 1933லயே இந்தச் சேர்க்கைகளைத் தொகுத்து ஒரு அறிக்கை போட்டாரு. அப்புறம் ஜே.ஆர். ஃபர்த், லாகூர்ல பேராசிரியரா இருந்துட்டு லண்டன் போனவரு, 1950கள்ல இதை மொழியியல் சொல்லா நிலைநிறுத்தினாரு.

நாம தடுக்கி விழறது பெரும்பாலும் வினைச்சொல்லுலதான். பொய் 'சொல்றோம்', அதனால "சே எ லை"ன்னு வருது, அங்க டெல் எ லை. கனவு 'காண்றோம்', அங்க ஹேவ் எ ட்ரீம். தப்பும் 'பண்றோம்' ஹோம்வொர்க்கும் 'பண்றோம்', நமக்கு எல்லாத்துக்கும் ஒரே பண்ணு, அவங்களுக்கு மிஸ்டேக்னா மேக், ஹோம்வொர்க்னா டூ. பெயர்ச்சொல்லைத் தனியா மனப்பாடம் பண்ணாம வினையோட ஜோடியாவே எழுதி வச்சுக்கோங்க.

தமிழ்ல இதை மரபுத்தொடர்னு சிலர் எழுதுறாங்க, எனக்கு அது சரியாப் படல. அது இடியம்: கம்பி நீட்டினான்னா ஓடிட்டான், கம்பியே அங்க இல்ல. கொலொகேஷன்ல மழை மழைதான், டீ டீதான். இணைமொழின்னா அல்லும் பகலும் மாதிரி ஜோடி, அதுவும் வேற. என் ஓட்டு சொற்சேர்க்கைக்குத்தான்.

பேரு புதுசே தவிர விஷயம் நமக்குப் புதுசில்ல. கூரை வேய், கூடை முடை, சுவர் எழுப்புன்னு ஸ்கூல்ல மரபுச்சொல் படிச்சோமே, அதுல முக்கால்வாசி இதுதான். உயர்ந்தோர் எந்தப் பொருளை எந்தச் சொல்லால எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்றது மரபுன்னு நன்னூலே சொல்லுது. "நாய் கத்தும்"னு எழுதி எனக்கு ஒரு மார்க் போச்சு, அது கொலொகேஷன் தப்புன்னு இப்பதான் தெரியுது.