மேகசின்: கிடங்கிலிருந்து இதழுக்கு

"இந்த வாரம் புக் வந்துடுச்சா?" என்று பெட்டிக்கடையில் கேட்டு வாங்கியவர்கள் நாம். பேச்சில் ‘புக்’காக இருப்பது எழுத வரும்போது ‘மேகசின்’ ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கும் படிப்புக்கும் தொடக்கத்தில் தொடர்பே கிடையாது.

அரபியில் ‘மக்ஸன்’ என்றால் சரக்கைச் சேர்த்துவைக்கும் கிடங்கு. பன்மையில் ‘மகாஸின்’. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்துக்குப் போனது. படைக்காரர்கள் வெடிமருந்துக் கிடங்கை அப்படி அழைத்தார்கள். துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பகுதிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ரஷ்யர்களுக்கு ‘மகஸின்’ இன்றைக்கும் கடைதான். நமக்குப் பழகிய ‘கஜானா’வும் இதே அரபு வேரில் முளைத்ததுதான் என்பதை அறிந்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

கிடங்கை அச்சுக்குக் கொண்டுவந்தவர் எட்வர்ட் கேவ். 1731இல் லண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ தொடங்கினார். அப்போது வெளிவந்த பல தாள்களிலிருந்து செய்தி, கட்டுரை, கவிதை எல்லாவற்றையும் திரட்டி மாதம் ஒருமுறை ஒரே கட்டாகக் கொடுத்தார். உண்மையிலேயே அது ஒரு சேமிப்பறை. ஆகவே பெயர் பொருந்தியது. பிறகு மற்றவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழின் முதல் இதழாகப் பலரும் குறிப்பிடும் 1831ஆம் ஆண்டுச் சென்னை வெளியீட்டின் பெயரும் ‘தமிழ் மேகசின்’தான். ஆனால் நாம் கிடங்கை மொழிபெயர்க்கவில்லை. வடமொழியில் இலையைக் குறிக்கும் ‘பத்திரம்’ வழிவந்த ‘பத்திரிகை’ நிலைத்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் அதே சொல் என்பதால் தனித்துச் சுட்டப் போதாது. இலங்கையில் ‘சஞ்சிகை’ நன்றாக வழங்குகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதன் உறவுச் சொல் ஒரு வெளியீட்டின் தனிப் பிரதியைக் குறிக்கும்.

இவற்றுள் என் மனம் நிற்பது ‘இதழ்’ என்ற சொல்லில். பூவிதழைப் பார்த்துப் பின்னாளில் புனைந்த அழகுச்சொல் என்று பலர் நினைக்கிறார்கள். தொல்காப்பிய மரபியலைத் திறந்து பாருங்கள். உள்ளே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, இல்லாமல் வெளியே அது உள்ளவற்றைத் தொல்காப்பியர் ‘புல்’ என்று வகுத்து, பனையும் தென்னையும் சேரும் அந்த இனத்தின் உறுப்புகளைச் சொல்கிறார்: "தோடே மடலே ஓலை என்றா, ஏடே இதழே பாளை என்றா". ஓலைக்கும் ஏட்டுக்கும் பக்கத்திலேயே இதழ் இருக்கிறது. எழுதப்படும் பொருளின் குடும்பத்தில் அது பிறந்த நாளிலிருந்தே உறுப்பினர்.

இதழ் என்று மட்டும் எழுதினால் நாளிதழும் அதில் அடங்கிவிடும். ஆகவே வார இதழ், மாத இதழ், காலாண்டிதழ் என்று காலத்தைச் சேர்த்துச் சொல்வதே சரி. பொதுவாகச் சுட்டப் ‘பருவ இதழ்’. துப்பாக்கிச் செய்தியில் வரும் மேகசினை இதழ் என்று மாற்றிவிடக் கூடாது, அங்கே தோட்டாப் பெட்டி என்றால் விளங்கும்.

பழைய இதழ்களின் முகப்பை உற்றுப் பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். ஆண்டுத் தொகுதி ‘மலர்’, அதில் ஒவ்வொரு வெளியீடும் ‘இதழ்’: மலர் 3, இதழ் 7. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ பொழிலுக்கு ஏற்பத் துணர், மலர் என்று எண்ணியது. துணர் என்றால் பூங்கொத்து. ‘செந்தமிழ்ச் செல்வி’ பெண்ணல்லவா, அவளுக்குச் சிலம்பு, அதனுள் பரல். பெருஞ்சித்திரனாரின் ‘தென்மொழி’ ஆண்டைச் சுவடி என்றது, மாதத்தை ஓலை என்றது.