அநாமதேயம்: உறுப்புக் கொடையில் என்ன பொருள்?

திருகோணமலையில் ‘அநாமதேயம்’ என்றதும் பலருக்கு நினைவு வருவது அநாமதேயத் துண்டுப்பிரசுரமும் மொட்டைக் கடிதமுந்தான். வடமொழியில் ‘நாமதேயம்’ என்றால் பெயர். முன்னே எதிர்மறை ‘அ’ சேர்ந்தால் பெயரற்றது. பத்திரிகைகள் ‘அனாமதேயம்’ என்றும் எழுதுகின்றன. மூலத்துக்கு நெருக்கம் ‘ந’ போட்டு எழுதுவதே.

உறுப்புமாற்றுச் சிகிச்சையில் இச்சொல்லுக்கு வேறு வேலை. உயிரோடிருப்பவர் கொடுப்பது பெரும்பாலும் ஒரு சிறுநீரகம், அல்லது கல்லீரலின் ஒரு பகுதி. 1954இல் பொஸ்டனில் வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று, ஒரே உருவ இரட்டையரிடையே நடந்தது. தாயோ தம்பியோ கொடுக்குமிடத்தில் மறைக்க ஏதுமில்லை. முன்பின் அறியாதவருக்குக் கொடுக்கும்போதுதான், ஒருவரை ஒருவர் அறியலாமா என்ற கேள்வி எழுகிறது.

ஆளை ஆள் தெரிந்தால், பெற்றவர் ஆயுள் முழுதும் நன்றிக்கடனில் கிடக்க நேரலாம். கொடுத்தவர் பிறகு ‘உதவி’ கேட்டு வரலாம். மாற்றிய சிறுநீரகம் பழுதானால் அந்தத் துக்கம் கொடுத்தவர் வீட்டுக்கும் போகும். காசு கைமாறவும் வழி திறக்கும். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மனித உறுப்பு விற்பனையைத் தடுக்கிறது. ஆனால் இரத்த வகையையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுச் சிறுநீரகம் கேட்கும் விளம்பரங்களைப் பத்திரிகையில் பார்த்தவர்கள்தானே நாம்!

நெதர்லாந்திலும் சுவீடனிலும் இத்தகைய கொடையில் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் இரகசியம் காக்கப்படுகிறது. பிரித்தானியாவில், சிகிச்சை முடிந்தபின் இருவரும் விரும்பினால் சந்திக்கலாம். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. வளர்ந்த இருவரும் மனமொத்துக் கேட்டபின் தடுப்பது பாதுகாப்பல்ல, அதிகாரம்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘பெயரின்மை’ பொருந்தாது, வைத்தியசாலைப் பதிவில் பெயர் இருக்கிறது. ‘பெயர் மறைப்பு’ என்றால் குற்றவாடை. ‘பெயர் வெளியிடாமை’ பரவாயில்லை, ஆனால் போதாது. மூதூர் ஆசிரியர் ஒருவர், போன மாதம் கண்டியில் சத்திரசிகிச்சை என்றாலே கிண்ணியா வரை ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே ‘அடையாளம் வெளியிடாமை’ என்பதே என் தெரிவு.

கோயில் உபயப் பட்டியலில் ‘பெயர் குறிப்பிட விரும்பாத அன்பர்’ என்று போடுவதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே மறைவது கொடுத்தவர் மட்டும். இங்கே பெற்றவரும் யாரென்று கொடுத்தவருக்குச் சொல்லப்படாது. சம்மதப் படிவத்தில் ‘இருதரப்பு அடையாளம் வெளியிடாமை’ என்றே எழுதலாம். நீளமானாலும் கையொப்பமிடுபவருக்கு விளங்கும்.