தூரத்து சொந்தக்காரங்க டிஎன்ஏ வச்சு கொலைகாரனை எப்படி பிடிக்கிறாங்க?

கலிபோர்னியால 1970கள்லயும் 80கள்லயும் 13 பேரை கொன்னு, 50 பெண்கள் பக்கம் பலாத்காரம் பண்ண கோல்டன் ஸ்டேட் கில்லரை 2018 ஏப்ரல்லதான் பிடிச்சாங்க. இத்தனைக்கும் அவனோட டிஎன்ஏ போலீஸ் கைல பல வருஷமா இருந்துச்சு, வடக்குல பலாத்காரம் பண்ணவனும் தெற்குல கொலை பண்ணவனும் ஒரே ஆள்தான்னு 2001லயே டிஎன்ஏ வச்சு சொல்லிட்டாங்க, ஆனா ஆள் யாருன்னு மட்டும் தெரியல.

ஏன்னா வழக்கமான டெஸ்ட் பாக்குறது ரொம்ப கொஞ்ச இடம்தான். டிஎன்ஏவை ஏ, டி, ஜி, சின்னு நாலு எழுத்துல எழுதுன நீளமான வரி மாதிரி நினைச்சுக்கோங்க. அதுல சில இடங்கள்ல சின்ன எழுத்துக் கோர்வை ஒண்ணு திரும்பத் திரும்ப வரும். உதாரணத்துக்கு டிஹெச்01ங்கிற இடத்துல ஏஏடிஜி, ஏஏடிஜின்னு வரிசையா இருக்கும். அப்பா கொடுத்த காப்பில அது 6 தடவை, அம்மா கொடுத்ததுல 9 தடவை இருந்தா உங்க ப்ரொஃபைல்ல அந்த இடத்துக்கு 6, 9னு எழுதுவாங்க. அமெரிக்கால 2017ல இருந்து இப்படி 20 இடம் பாக்குறாங்க, அதுக்கு முன்னாடி 13. ஒரு ஆளை உறுதி பண்ண இது தாராளமா போதும், ஆனா அந்த ஆள் ஏற்கனவே போலீஸ் டேட்டாபேஸ்ல இருக்கணும். அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை வரைக்கும் ஓரளவு மோப்பம் பிடிக்கலாம், அதைத் தாண்டுன சொந்தம் இதுல பிடிபடாது.

புது முறைல ஸ்னிப்னு சொல்ற, ஆளுக்கு ஆள் ஒரே ஒரு எழுத்து மாறுற இடங்களை லட்சக்கணக்குல படிக்கிறாங்க. டிஎன்ஏ ஒவ்வொரு தலைமுறையிலயும் துண்டு துண்டா கலைஞ்சு இறங்குறதால ரெண்டு பேருக்கு எவ்ளோ நீளமான துண்டுகள் பொதுவா இருக்குன்னு பாத்தா சொந்தம் எவ்ளோ தூரம்னு கணக்கு போட்டுடலாம். இந்த நீளத்தை சென்டிமார்கன்ங்கிற அளவுல சொல்வாங்க, அப்பா பிள்ளைக்கு 3400 சென்டிமார்கன் பக்கம் வரும், எள்ளுத்தாத்தா ஒண்ணா இருக்குறவங்களுக்கு சராசரியா 70 சொச்சம்.

கோல்டன் ஸ்டேட் கில்லர் கேஸ்ல 1980ல நடந்த ஒரு கொலையோட சாம்பிளை வச்சு ஜெட்மேட்ச் மாதிரி, ஜனங்க தங்க வம்சத்தைத் தேட டிஎன்ஏ ஏத்தி வைக்கிற தளங்கள்ல தேடுனப்போ தூரத்து சொந்தங்கள் மாட்டுனாங்க. பார்பரா ரே-வென்டர்ங்கிற வம்சாவளி ஆய்வாளர் ஒரு டீமோட சேர்ந்து 1800கள்ல வாழ்ந்த முன்னோர் வரைக்கும் மேல போய், அங்கிருந்து பிள்ளை, பேரன்னு கிளை கிளையா கீழ வந்து, வயசும் ஊரும் ஒத்துவராதவங்களைக் கழிச்சாங்க, இந்த வேலைக்கு பழைய மக்கள்தொகை கணக்கு, மரண அறிவிப்பு எல்லாத்தையும் உக்காந்து புரட்டணும், அதுதான் மாசக்கணக்குல ஆகுற வேலை. கடைசில வந்து நின்னது 72 வயசு மாஜி போலீஸ்காரர் ஜோசப் டிஏஞ்சலோ. கார் கைப்பிடில இருந்தும் குப்பைல போட்ட டிஷ்யூல இருந்தும் டிஎன்ஏ எடுத்து, பழைய முறையிலயே ஒப்பிட்டு உறுதி பண்ணாங்க. வம்சத் தேடல் துப்பு மட்டும்தான் கொடுக்கும், சாட்சி அந்த நேரடி ஒப்பீடுதான். 2020ல குத்தத்தை ஒத்துக்கிட்டார், ஆயுள் தண்டனை.

இப்போ வேர் இல்லாத முடில இருந்தே இந்த ஸ்னிப் ப்ரொஃபைலை எடுக்குறாங்க. எட் கிரீன்ங்கிற விஞ்ஞானி, பழங்கால எலும்புல டிஎன்ஏ படிக்கிறவர், இதை கொண்டு வந்தார்.

எனக்கு பெரிய கவலை அந்த தூரத்து சொந்தக்காரங்களைப் பத்திதான். அமெரிக்கால இருக்குற ஐரோப்பிய வம்சாவளிக்காரங்கள்ல 60 சதவீதம் பேரை இப்படி யாரோ ஒரு சொந்தம் வழியா நெருங்கிடலாம்னு 2018லயே ஒரு ஆய்வு சொல்லிச்சு, அதாவது நீங்க டெஸ்டே எடுக்கலன்னாலும் மாட்டலாம். 2019ல ஜெட்மேட்ச், சம்மதம் கொடுத்தவங்க டேட்டாவை மட்டும்தான் போலீஸ் பாக்கலாம்னு மாத்துச்சு. மேரிலாந்து 2021ல சட்டமே போட்டுடுச்சு: கொலை, பலாத்காரம் மாதிரி பெரிய குத்தத்துக்கு மட்டும், அதுவும் ஜட்ஜ் அனுமதியோட. எல்லா ஊர்லயும் அந்த ஜட்ஜ் கையெழுத்து கட்டாயம் ஆகணும்.